போணிக்குப் பிறகு விற்றது

என் நைனாவின் காரை என் தம்பி பதினோராயிரம் ரூபாய்க்கு வாங்கினான். பேரம் பேசியிருந்தால் எட்டுக்கு முடிந்திருக்கும். பங்காருபாளையத்தில் ஒரு மாந்தோப்புக்குள் பன்னிரண்டு வருஷமாக மழையில் நின்ற அம்பாசிடர் அது. பின் சீட்டில் கோழி முட்டை வைத்துக்கொண்டிருந்தது. நைனா இருபத்திரண்டு வருஷம் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு யாத்திரைக்காரர்களை ஏற்றிப் போன டாக்ஸி. அதற்கு என்ன விலை என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் பதினோராயிரம் அதிகம்.

நீங்கள் கேட்டது காரைப் பற்றி இல்லை. என் தம்பி அருள்குமாருக்கு நாற்பத்தோரு வயதில் ஏன் மூச்சு நிற்கப் போகிறது என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன், இன்ஸ்பெக்டர் சார். நிதானமாகச் சொல்கிறேன், நீங்கள் தெலுங்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜெயச்சந்திரன். சித்தூரில் பழைய மெஷின் வியாபாரம். கம்ப்ரசர், மோட்டார், வெல்டிங் செட் எல்லாம் கிடைக்கும். தாய்மாமன் கடை, இப்போது என் கடை. உண்மையில் நான் டாக்ஸி ஓட்டத்தான் லைசென்ஸ் எடுத்தேன். தொண்ணூற்றொன்பதில் அருளுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் ஒரு கோட்டுக்குமாக நைனா காரை விற்றார். அப்போது எனக்குக் கோபம் இல்லை. வீட்டில் ஒருவன் மேலே போனால் மற்றவர்களையும் தூக்கி விடுவான் என்று எல்லா வீட்டிலும் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

இரண்டாயிரத்து ஆறில் நைனாவுக்குப் பக்கவாதம். மூன்று வருஷம் படுக்கை. குளிப்பாட்டியதும் துடைத்ததும் நான். அருள் பணம் அனுப்பினான், அனுப்பவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மாசாமாசம் பில் கேட்டான். "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்புண்ணா, எனக்கு ஒரு கணக்கு இருக்கணும்" என்றான். நைனாவின் மூத்திரத் துணிக்கு இன்டர்நெட் சென்டரில் வரிசையில் நின்று பில் அனுப்பிய மகன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு மாசம் ஒரு பில் தொலைந்துபோனது. முந்நூற்று நாற்பது ரூபாய். அடுத்த மாசம் அதைப் பிடித்துக்கொண்டு அனுப்பினான்.

நைனா செத்த நாலாம் நாள் வந்தான். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் மொத்தமாகவே திரும்பி வந்து திருப்பதியில் வீடு கட்டினான். மனைவி பிரீத்தி நகரி ஊர்ப் பெண், தறிக்காரர் வீடு. வீட்டோடு ஒரு பெரிய கார் ஷெட். நைனாவின் காரைத் தன் கையாலேயே புதுசாக்கி, அம்மாவை அதில் உட்கார வைத்து மலைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஆசைக்குப் பில் கிடையாது போலிருக்கிறது.

வீடு முடிந்த வருஷம் ஆடி மாசத்தில் ஒரு காலை, நான் ஷட்டரைத் தூக்கி ஊதுபத்தி ஏற்றியதும் முதல் ஆளாக வந்து நின்றான். இதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். எங்கள் வியாபாரத்தில் முதல் ஆள் போணி. போணிக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, ஏமாற்றவும் கூடாது. அவன் போன பிறகு நாள் முழுக்க எப்படி விற்றாலும் அது அவரவர் சாமர்த்தியம். மாமா எனக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்தது இந்த ஒன்றைத்தான்.

அருள் கையில் கத்தையாகக் காகிதம் வைத்திருந்தான். பழைய பெயிண்டை மணலால் அடித்து உரித்தால் தகடு தேய்ந்து நெளிந்துவிடும். சமையல் சோடாவைக் காற்றோடு சேர்த்து அடித்தால் பெயிண்ட் மட்டும் உரியும், கண்ணாடிக்கும் குரோமுக்கும் கீறல் விழாது. சோடா பிளாஸ்டிங் என்று பெயர். வெளிநாட்டு மெஷின் ஒன்றே கால் லட்சம். வீட்டில் ஒரே ஒரு காருக்கு அவ்வளவு எதற்கு, சல்லிசாக ஏதாவது சேர்த்துக் கொடு என்றான்.

நான் நல்ல மெஷின்தான் கொடுத்தேன். இதில் எல்லாரும் செய்யும் தப்பு, சின்ன கம்ப்ரசர் வாங்கி மிச்சம் பிடிக்கப் பார்ப்பது. பத்து நிமிஷத்தில் அது இளைத்துவிடும், குழாய் முனையில் காற்று விட்டு விட்டு வரும். நான் அஞ்சு எச்.பி. கொடுத்தேன். சோடா ஈரம் பட்டால் கட்டி தட்டும், அதனால் காற்றிலிருந்து தண்ணீர் பிரிக்கும் குப்பி இரண்டு வைத்தேன். சோடா போடும் இரும்புப் பானை உள்ளூர் வேலைதான், ஆனால் தண்ணீர் ஏற்றி அழுத்தம் பார்த்தது. சேஃப்டி வால்வு புத்தம் புதுசு. ஷெட்டில்தான் இருக்கிறது, ஆள் வைத்துச் சோதித்துப் பாருங்கள். போணியில் நான் ஏமாற்றவில்லை.

விலை முப்பத்தைந்தாயிரம் என்றேன். இருபது என்பான், முறைப்பேன், இருபத்தெட்டில் முடியும், டீ சொல்லலாம் என்று இருந்தேன். அவன் முப்பத்தைந்தாயிரத்தை எண்ணி மேஜை மேல் வைத்தான்.

"நைனாவுக்குப் பண்றதுண்ணா. இதுல போய் பேரம் பேசக் கூடாது."

நீங்கள் அரசாங்கச் சம்பளக்காரர், இது உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. பேரம் பேசுகிறவன் எதிரே உட்கார்ந்திருப்பவனை ஓர் ஆளாக மதிக்கிறான். உயிரோடு இருந்த நைனாவின் துணிக்கு முந்நூற்று நாற்பதைப் பிடித்தவன், செத்த நைனாவின் தகரத்துக்கு என்னிடம் பேரம் பேசவில்லை. நான் பணத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டேன்.

போணி அதோடு முடிந்தது. மெஷினை வண்டியில் ஏற்றிக் கயிறும் கட்டியான பிறகுதான் பவுடர் கேட்டான். அது இரண்டாவது வியாபாரம்.

குடுபல்லிப் பக்கம் வெள்ளைக்கல் அரைக்கும் மில் ஒன்று இருந்தது, இப்போது மூடிவிட்டார்கள். அங்கே நான் பழைய மோட்டார் எடுப்பேன். அந்தக் கல் மாவு பார்க்கச் சோடா மாதிரியே இருக்கும், வெள்ளை வெளேரென்று. அங்கே மூட்டை பிடித்த கன்னையா என்பவனை எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வயதில் கட்டிலிலிருந்து வாசல் வரை வர நடுவில் இரண்டு தடவை உட்காருவான். நெஞ்சுக்குள் கல் மாவு படிந்தால் திரும்பி வராது என்று டாக்டர் சொன்னதை அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். சோடாக் கம்பெனிச் சாக்கு வாங்கி, அதில் கல் மாவை நிரப்பி, வாயைத் தைத்துக் கொடுத்தேன்.

முகத்துக்கு ஏதாவது போட வேண்டுமா என்று கேட்டான். "போண்டால போட்டுத் துன்றதுதானேடா, அதுக்கு எதுக்கு முகமூடி" என்றேன். கண்ணுக்கு மட்டும் நல்ல கண்ணாடி ஒன்று சும்மாவே கொடுத்தேன். கண் கெட்டுப்போகக் கூடாது இல்லையா. பக்கத்து வீட்டுக்காரர் தூசி என்று சண்டைக்கு வந்தபோது, ஷட்டரை இறக்கிவிட்டு அடிக்கச் சொன்னதும் நான்தான்.

பதினாலு மாசம், சனி ஞாயிறு எல்லாம் அடித்தான். முதல் வாரமே போன் செய்தான். "துருவும் போவுதுண்ணா. சோடாவுக்குத் துரு போவாதுன்னு நெட்ல போட்டுக்கினு இருக்கான்." நம்ம ஊர்த் துருவைப் பற்றி நெட்டுக்கு என்ன தெரியும் என்றேன். சிரித்தான். படித்தவனுக்கு ஒரு குறை உண்டு, சார். வேலை நன்றாக நடந்தால் ஏன் நடக்கிறது என்று கேட்க மாட்டான்.

ஒன்பதாவது மூட்டை கொண்டுபோன அன்று என்னைக் கையைப் பிடித்து ஷெட்டுக்குள் இழுத்துப் போனான். டிக்கிக் கதவின் உள்பக்கம் பெயிண்ட் உரிந்து, சின்ன வயதில் நான் ஆணியால் கீறிய என் பெயர் வந்திருந்தது. "இத மட்டும் அடிக்கலண்ணா, அப்பிடியே உட்டுட்டேன்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமினான். நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் இளைத்தான். காசநோய் என்று எட்டு மாசம் மாத்திரை கொடுத்தார்கள். என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவனுக்கு என்ன வேலை என்று டாக்டர் கேட்டபோது, கம்ப்யூட்டர் என்று நான்தான் பதில் சொன்னேன். அது பொய் இல்லை. அம்மா கமலம்மா மலைக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டாள், துணைக்கு நானும் போட்டேன். பாருங்கள், இன்னும் சரியாக முளைக்கவில்லை.

புது டாக்டர் ஒருவர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இது கல் உடைப்பவர்களுக்கு வருவது என்றார். பிரீத்தி காரையும் பவுடரையும் சொன்னாள். சோடா இதைச் செய்யாது என்றார். மறுநாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். போனேன். இலை போடவில்லை. மேஜையில் இரண்டு கிண்ணம், ஒரு எலுமிச்சம்பழம். ஒன்றில் சமையலறைச் சோடா, இன்னொன்றில் கடைசி மூட்டையிலிருந்து ஒரு கரண்டி. பழத்தை வெட்டி இரண்டிலும் பிழிந்தாள். முதல் கிண்ணம் சீறிக்கொண்டு பொங்கியது. இரண்டாவது சும்மா ஈரமாகிக் கிடந்தது.

"பொங்கல மாமா."

"பழம் சரியில்லாம இருக்கும்மா" என்றேன். வியாபாரியின் வாய், தானாக வந்துவிட்டது.

"ஒரே பழந்தான் மாமா ரெண்டுலயும் புழிஞ்சேன்" என்றாள். சத்தம் போடவில்லை. உள்ளறையில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நான் விற்றது இல்லை, வெளியில் வாங்கியிருக்கிறார்கள். விலை கேட்டிருந்தால் பாதிக்குப் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

அவ்வளவுதான். செய்தது நான், தெரிந்து செய்தேன், வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. டாக்டர் ஆறு மாசம் என்கிறார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் மோசடிக்காரன் என்று மட்டும் எழுத வேண்டாம். பதினைந்து மூட்டை, மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ. சோடா விலை என்று கிலோவுக்கு முப்பத்து நாலு வாங்கினேன். கல் மாவு எனக்கு ஆறு விழுந்தது. வித்தியாசம் பத்தாயிரத்து ஐந்நூறு. கவரில் போட்டுப் பிரீத்தியிடம் நீட்டினேன், அவள் தொடவில்லை. இதோ சட்டைப் பையில் இருக்கிறது, நீங்களாவது வாங்கிக் கொடுத்து ஒரு ரசீது எழுதித் தாருங்கள். இது போனால் என் தம்பிக்கு நான் ஒரு பைசா பாக்கி இல்லை.