மோந்து பாக்காத கன்னு

கருக்கம்வலசுக்கு ரோடு வராத காலமுங்க அது. அப்பவே இந்த நாத்துப்பண்ணை இருந்துச்சாம். அதை நடத்துனவ பேரு பாவாத்தா.

பாவாத்தாளுக்கு மூக்குதான் சொத்து. மாங்கன்னுல ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தாப் போதும், "இது மல்கோவா, அது செந்தூரா"ன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவாளாம். அவ சொன்னா சொன்னதுதான். கல்யாணமா, புள்ளைப்பேறா, புது வீடா, எட்டு ஊருலயும் அவ கைக் கன்னு ஒண்ணு நடாம எதுவும் நடக்காதாம்.

அந்த மகராசிக்கு ஒரே ஒரு பொம்பளப்புள்ளைங்க. ஒரு வருசம் கொள்ளைக் காச்சல் வந்துச்சு. ஆத்தாளும் மகளும் ஒண்ணாப் படுத்தாங்க. ஆத்தா எந்திரிச்சா, மக எந்திரிக்கல.

மக போன எட்டாம் நாளு அவளோட பாவாடையை எடுத்து மோந்தாளாம். வாசமே இல்லையாம். மறுபடி மோந்தாளாம். இல்லையாம். காச்சல் புள்ளையக் கொண்டுபோனது பத்தாதுன்னு மூக்கையும் கொண்டுபோயிருச்சு.

அவ யாருகிட்டயும் சொல்லல. சொன்னா இனி பண்ணைக்கு யாரு வருவான்னு ஒரு பயம். சொன்னா எம்மக வாசம் போனது நெசமாயிருமேன்னு இன்னொரு பயம். என்னையக் கேட்டா ரெண்டாவதுதான் பெருசும்பேன்.

அந்த ஐப்பசியில அடைமழை. வெள்ளம் பண்ணைக்குள்ள பூந்து, மல்கோவாக் கன்னும் ஊறுகா மாங்கன்னும் ஒண்ணாக் கலந்துபோச்சு. சின்னதுல ரெண்டும் ஒரே சாடை. அந்த நேரம் பாத்து வந்தாரு செங்கோடன். மேக்காலக் காட்டுக்காரரு, அறுவது வயசு. அவரு வெள்ளாமைக் காடு கெணறில்லாத வானம் பாத்த பூமி.

"அம்மணி, பத்து மல்கோவா குடு. சாவறதுக்குள்ள எங்காட்டுப் பழம் ஒண்ணு திங்கோணும்."

பாவாத்தா இலையக் கிள்ளுனா. கசக்குனா. மோந்தா. ஒண்ணும் தெரியல. கன்னு வாங்க வந்த சனமெல்லாம் அவ மூஞ்சியவே பாக்குது. "இதுதாங்கண்ணா"ன்னு பத்தை எடுத்துக் குடுத்துட்டா.

"நீ மோந்துட்டயில்ல? அப்பச் சரி"ன்னு வாங்கிட்டுப் போனாரு.

பத்துக் கன்னுக்கும் குளத்துலருந்து காவடி கட்டித் தண்ணி சுமந்தாராம். ஒரு வருசமா, ரெண்டு வருசமா? அஞ்சு வருசம். தோளு காச்சுப்போச்சு. பத்துல ஒண்ணைக்கூடப் பட்டுப்போக விடல. மரம் காய் புடிச்சப்ப ஆளு படுத்துட்டாரு. மொதப் பழத்தை அறுக்கறப்ப, "பாவாத்தாளக் கூப்புடுங்க. கன்னு குடுத்தவ மொதல்ல திங்கட்டும்"னாராம்.

வந்தா. கடிச்சா. சுள்ளுனு நாக்குல ஏறுச்சு புளிப்பு.

"எப்படி இருக்குது அம்மணி?"

அங்கயும் ஒரு பொய் சொல்லியிருக்கலாமுங்க. சொல்லல. கட்டில் காலைப் புடிச்சுட்டு அழுதா. "புளிப்புங்கண்ணா. எம்மூக்கு எம்மகளோடயே போயிருச்சு. உங்களுக்குக் கன்னு குடுத்த அன்னிக்கே எனக்கு வாசம் தெரியாது."

வீட்டாளுக கொதிச்சாங்க. செங்கோடன் கையத் தூக்கி அவங்கள நிறுத்துனாராம்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? எனக்கும் மூக்கு இருந்துச்சே தாயி. தாய்மரத்து இலை ஒண்ணு, கன்னு இலை ஒண்ணு கையில குடுத்திருந்தா, நானே மோந்து சொல்லியிருப்பேனே."

மூணாம் நாளு செங்கோடன் போயிட்டாரு. தன் காட்டு மல்கோவாவ ஒரு வாய் திங்காமயே போயிட்டாரு.

அடுத்த பருவத்துல பாவாத்தா ஏணியத் தூக்கிட்டு அவரு காட்டுக்குப் போனா. ஒம்பது மரத்தோட கிளையக் கழிச்சு, தளிரு வந்ததும் மல்கோவா ஒட்டுக் கட்டுனா. ஒட்டுக்கு வெட்டுன ஒவ்வொரு மல்கோவாக் குச்சியையும் செங்கோடன் மருமக மோந்து "ஆமா"ன்னு சொன்ன பொறவுதான் கட்டுனாளாம். பத்தாவது மரத்தைத் தொடல. அப்படியே கெடக்கட்டும்னுட்டா. ஒம்பதும் பழுத்தப்ப ஊரே மணந்துச்சாம். அவளுக்கு மட்டும் தெரியலையாம்.

அந்தப் பத்தாவதுக்குத்தாங்க செங்கோடன் மரம்னு பேரு. வருசா வருசம் மல்கோவாவுல கை வைக்கறதுக்கு முன்ன, பண்ணையாளுக அத்தனை பேரும் அந்த மரத்துப் புளிப்பை ஒரு துண்டு திங்கோணும். உப்புத் தொட்டுக்கக் கூடாது. வாங்கறவங்க மோந்து சரின்னு சொல்லாம இங்கிருந்து ஒரு கன்னும் வெளிய போகாது.

கன்னு வாங்க வந்துட்டு நேரமாச்சுன்னு சலிச்சுக்கிட்டீங்களே, இந்தாங்க ரெண்டு இலை, தாய்மரத்துது ஒண்ணு, கன்னுது ஒண்ணு. நல்லாக் கசக்கி மோந்து, நீங்களே சொல்லுங்க.