நான் வெட்டிய தோட்டாக் காட்சி

உத்திரமேரூர் பக்கம் டூரிங் டாக்கீஸ் நடத்தியபோது நான் ஒரு தவறு செய்தேன். ஜனங்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கட்டும் என்று ஒரு கௌபாய் படத்தைக் குறைத்தேன். நாயகன் துப்பாக்கியில் தோட்டா நிரப்பும் காட்சி அதில் போயிற்று.

போன மாதம் மானாம்பதி பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு கிழவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அந்தக் காலத்துத் துப்பாக்கில ஆறு குண்டுதான். நம்ம டூரிங் டாக்கீஸ்ல பார்த்த கௌபாய் படத்துல அவன் பதினோரு தபா சுட்டான், ரொப்பவே இல்ல. அம்மாம் புளுகு!” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

“நடுவுல ரொப்பினான்டா. காஞ்சிபுரத்துல பார்த்துட்டு வந்துதானே சொன்னேன்?”

“ஊரே சிரிச்சிச்சே! இந்தப் பொய்யனுக்கா தங்கச்சியக் குடுக்கறதுன்னுதான் அன்னிக்கு வாணாம்னுட்டேன்.”

“அதுக்கா? நெஜமாவே அதுக்கா?”

ஜன்னலோரக்காரர் எந்த ஊரில் இறங்கினார் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

மறுவாரம் முழுப் படத்தையும் தேடிப் பிடித்து, ஜன்னலோரக்காரரின் வீட்டை விசாரித்துப் போனேன். செய்ததைச் சொல்லிவிட்டு, அந்தக் காட்சியைப் போனில் காட்டினேன்.

“இதெல்லாம் இப்போ கம்ப்யூட்டர்ல சேர்த்தது சார்” என்றார் அவர்.

அவருக்குச் சோறு போட வந்த, கல்யாணமே ஆகாத தங்கை, காட்சியை நின்று பார்த்தார். பிறகு தட்டைத் திரும்ப உள்ளே எடுத்துப் போய்விட்டார்.