ஒரு மணிக்கு மைக்கில் கேட்டது

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள்… என்னோடு படித்த ஒருவனின் மைத்துனனுக்கு நடந்தது இது. கஜானன் என்று பெயர்.

நேரம் மத்தியானம் ஒரு மணி. ஓம், மத்தியானம்தான். கொக்குவிலில் தண்டவாளத்துக்குப் பின்னால் போகிற மணல் ஒழுங்கை… அந்த வெயிலில் ஒரு காகமும் பறக்காது. இரண்டு பக்கமும் மதில். கடைசி வீடு அவனுடையது. திருவிழா வீடியோக்களுக்குக் குரல் பதிவு செய்துகொடுப்பான். அயல் முழுக்க உறங்கும் அந்த நேரம்தான் பதிவுக்கு வசதி.

மனைவி தர்சினி இறந்து சில மாதங்கள். முட்டு வருத்தம், மூச்சிழுப்பு. செத்தவீட்டில் அவன் அழவில்லை. பிறகும் அழவில்லை. சாப்பாட்டில் ருசி தெரியவில்லை. சுடுதண்ணீர் கையில் பட்டால், சற்றுப் பிந்தித்தான் சுட்டது.

அந்த நாட்களில்தான் ஒரு மலிவான கொண்டென்சர் மைக்கைக் கழற்றினான். எந்தக் குரலையும் தகரத்தில் தட்டியதுபோல ஆக்கிவிடும் மைக். அடியில் ஓயாத இரைச்சல் வேறு. ஒலியை வாங்குகிற வட்டத் தகட்டை எடுத்துவிட்டு, நல்லதொன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். கம்பிவலையில் ஓர் அடுக்கை உருவினான். மின்சுற்றில் இரண்டு மின்தேக்கிகளை மாற்றினான். பிசின் புகை மணத்தது. மூடிவிட்டு ஹெட்போனை மாட்டினான்.

இரைச்சல் இல்லை. சுவரில் பல்லி கால் மாற்றி வைப்பது கேட்டது.

பிறகு… பட். பட். பட்.

ஈரத் தலைமயிரைத் துவாயால் அடித்து உதறுகிற சத்தம். பின்னால், கட்டில் பக்கம். ஹெட்போனைக் கழற்றினான்… ஒன்றுமில்லை. மாட்டினான். பட். பட்.

எழுந்துபோய்த் தரையைத் தடவிப் பார்த்தான். காய்ந்த சீமெந்து. ஆனால் மணம்… முழுகின தலையின் மணம், அறை முழுக்க.

திரும்பி வந்து இருந்தான். உதறல் நின்றிருந்தது. மைக்குக்கு அந்தப் பக்கம், முகத்துக்கு நேரே, யாரோ மூச்சு விட்டார்கள்.

"தர்சினி… நீரே?"

மூச்சு நின்றது. பிறகு, முன்னைவிடக் கிட்டத்தில், தொடர்ந்தது.

பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. மறுநாளும் அதே நேரம் போய் இருந்தான். அதற்கு மறுநாளும். வந்த வேலைகளை விட்டான். போனை எடுக்கவில்லை.

பயந்துபோய் அக்கா வாசுகி சாவகச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். தர்சினியை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவள் அவள்தான். தம்பி கன்னம் ஒட்டிப்போய், ஹெட்போனோடு இருந்தான்.

"என்னடா கேக்கிறாய்?"

அவன் ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தான். அவள் கேட்டாள்… ஹெட்போனை இழுத்துக் கழற்றினாள்.

"கஜா… உது தர்சினி இல்லையடா. அவளுக்கு முட்டு. மூச்சு விட்டால் விசில் மாதிரி இழுக்கும். எத்தினை இரவு பக்கத்திலை இருந்து கேட்டனான்! உது… உது சுகமா மூச்சு விடுது."

"ஓம் அக்கா. முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ இருக்கிறாய்?"

"ஆரோ ஒராள் இருக்கு. எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

வாசுகி வயரை இழுத்துப் பிடுங்கினாள். மாற்றுடுப்புக்கூட எடுக்கவில்லை. கதவைப் பூட்டி, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அவன் மறுக்கவில்லை… கூட்டிப்போன இடத்துக்குப் போனான்.

சாவகச்சேரியில் கொடுத்ததைச் சாப்பிட்டான். படு என்றால் படுத்தான். மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகம் கொஞ்சம் தேறியது. இனிப் பயமில்லை என்று அக்கா நினைத்தாள்.

மழை பிடித்த ஒரு பின்னேரம், கொக்குவிலில் பக்கத்து வீட்டுப் பத்மாவதி வாசுகிக்குப் போன் எடுத்தாள்.

"பிள்ளை, தம்பியின்ரை வீட்டிலை ஆரைக் குடிவைச்சிருக்கிறியள்? யன்னலெல்லாம் திறந்து கிடக்கு, மழை அடிக்கப்போகுது எண்டு ஓடிப்போனன். நான் மதிலடிக்கு வர முந்தியே, உள்ளுக்கிருந்து ஒவ்வொண்டாச் சாத்தியாச்சு. நல்ல பொறுப்பான பிள்ளை போலை."

வீட்டுப் பூட்டின் திறப்பு இரண்டும் வாசுகியின் அலுமாரிக்குள்தான் கிடந்தன. பத்மாவதியின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்டது.

மழையைப் பார்த்துக்கொண்டிருந்த கஜானன் திரும்பினான். அங்கே வந்தபிறகு, தானாக அவன் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அக்கா… அது சாப்பிட்டுதாமோ எண்டு கேளுங்கோ."