தேதி போடாத தாள்

இல்லம்மா, வாசல்ல தொங்குற பேனர் பொய் இல்ல. மாநிலத்துல ஆயிரத்துக்கு மேல பள்ளி மாவட்டம் இருக்கு, அதுல பரிச்ச மார்க்குல நாங்க ஒம்பதாவது. நிசம்தான். அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

மாவட்டம்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. இந்த ஒத்தக் கட்டடம்தான் மாவட்டம். முன்னாடி சோபா விக்கிற கடையா இருந்துச்சு. எரநூத்திப் பதிமூணு பிள்ளைங்க. அரசாங்கக் காசுல தனியார் நடத்துற சார்ட்டர் பள்ளின்னா இந்த டெக்சஸ்ல தனி மாவட்டம்னு கணக்கு. அதனால லட்சம் பிள்ளைங்க படிக்கிற ஊருங்களும் நாங்களும் ஒரே பட்டியல்ல வருவோம். யானையையும் எலியையும் ஒரே தராசுல நிறுத்துற மாதிரி. எலி ஜெயிச்சா விருந்து வேற.

அந்த விருந்தச் சொல்றேன் கேளுங்க. போன ஆகஸ்ட்ல பட்டியல் வந்த அன்னிக்கு எங்க தலைவர் டாக்டர் ப்ளேலாக், வயித்துவலிக்கு மருந்து குடுக்கிற டாக்டர் இல்ல, படிச்சு வாங்கின பட்டம், பார்க்கிங்ல புகை போட்ட மாட்டுக்கறி வெட்டி எல்லாருக்கும் போட்டார். ஆளுக்கொரு டீசர்ட். முன்னாடி பெருசா ஒம்பது. நானும் போட்டுக்கிட்டு வரிசைல நின்னு தின்னேன்.

உங்க பொண்ணு ஆறாவதா? நல்லாப் படிப்பாளா? எழுத்துக் கூட்டித்தான் படிப்பாளா. ம்.

இல்ல இல்ல, சேத்துக்குவாங்க. சேக்கறதுல எல்லாம் ஒரு குறையும் இல்ல. இந்தாங்க, இது தடுப்பூசித் தாள். இது பஸ். இது சீருடை, காக்கி பேண்ட்டு, நீலச் சட்டை. கொஞ்சம் பொறுங்க, கடைசித் தாள்ல கையெழுத்துப் போட வேணாம். அத அப்புறம் பாப்போம்.

ஊர்ப்பள்ளியா? இருக்கே, ரெண்டு தெரு தள்ளி. மாநிலப் பட்டியல்ல எழுநூத்திச் சொச்சத்துல கெடக்கு. இங்க ஸ்டாஃப் ரூம்ல அதச் சொல்லித்தான் சிரிப்பாங்க. மக்குத் தொழுவமாம். பிள்ளைங்க காதுல விழுற மாதிரியே சொல்லுவாங்க. ஆனா அவங்க வர்ற பிள்ளைய வேணாம்னு சொல்றதில்லம்மா. மார்ச் மாசம் நாங்க தள்ளிவிடுற பிள்ளையும் அங்கதான் போய் நிக்கும். ஏப்ரல்ல அங்க உக்காந்து பரிச்ச எழுதும், அவங்களுக்கு இன்னும் நாலு எடம் எறங்கும். நாங்க ஏறுவோம்.

எப்படித் தள்ளுவீங்கன்னா? சத்தமே இருக்காது. பிப்ரவரில ஒரு ஒத்திகப் பரிச்ச வைப்பாங்க. அதுல விழுந்த பிள்ளைங்க பேர் ஒரு சின்னச் சீட்டுல இந்த மேசைக்கு வரும். டாக்டர் ப்ளேலாக் என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவார். வெர்னா, பதிவேட்டக் கொஞ்சம் சுத்தம் பண்ணிடும்மா, அவ்வளவுதான். சுத்தமாம். என்னமோ சிங்க்ல அடச்ச சோறு மாதிரி.

பாதியில நின்னுட்டான்னு எழுதினா எங்களுக்கு மார்க் கொறையும். வீட்டுலயே படிக்கப் போறான்னு எழுதினா யாரும் எண்ண மாட்டாங்க. பெத்தவங்க கையெழுத்து மட்டும் வேணும். அது எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கும்.

எப்படியா? உங்க கைல இருக்கே கடைசித் தாள், அதான். என் பிள்ளைய வீட்டுலயே படிக்க வைக்கிறேன், கீழ கையெழுத்து, தேதி காலி. சேர்ற அன்னிக்கே வாங்கி வச்சிருவோம். தடுப்பூசிக்கும் பஸ்சுக்கும் நடுவுல யாரு படிக்கிறா? நீங்க படிச்சீங்களா? பாத்தீங்களா.

எனக்கா? பன்னெண்டு வருசமா இந்த மேசைதான். என்னை மொறைச்சுப் பாக்குறது சரிதான், பாருங்க.

இந்த மார்ச்ல பதினோரு பேர். அகரவரிசையில சீட்டு வந்துச்சு, அதே வரிசையில தாள எடுத்துத் தேதி போட்டுட்டே வந்தேன். நாலாவது ராய்லின் ஹட்ஜின்ஸ். ஏழாவது வகுப்பு. ஆமாம்மா, இந்தப் பேர்ப்பலகைல இருக்கிற ஹட்ஜின்ஸ்தான். என் பொண்ணு. கையெழுத்து என்னுது, என் மேசைல நானே நீட்டின தாள்ல போட்டது, உங்கள மாதிரியே படிக்காம, நம்ம பிள்ளைக்கு இது வராதுன்னு. தேதியும் என் கைதான்.

போடாம இருந்திருக்கலாம். போட்டேன். போட்டுட்டு அஞ்சாவது தாள எடுத்தேன்.

வீட்டுல யாரு சொல்லிக்குடுக்குறாங்கன்னு கேக்கறீங்களா? நான் ஏழு மணிக்கு இங்க வந்துடறேன். அவளும் டீவியும்தான். ஊர்ப்பள்ளிக்குப் போடின்னா, அது மக்குங்க போற எடம்மாங்கறா. இங்க கேட்டதுதான். அந்த டீசர்ட்டத்தான் ராத்திரி போட்டுக்கிட்டுத் தூங்குறா.

போன் அடிக்குதே, பதினொண்ணரை ஆச்சா? அவதான். தெனமும் இந்நேரத்துக்குக் கூப்பிட்டு இன்னிக்கு மத்தியானம் இங்க பிள்ளைங்களுக்கு என்ன சாப்பாடுன்னு கேப்பா.

நீங்க போடுங்கம்மா, மத்ததுல எல்லாம் போடுங்க. அந்தக் கடைசித் தாள என்கிட்டக் குடுத்துடுங்க.

ஹலோ. பீட்சாடா கண்ணு. ஆமா, சதுரமா வெட்டினதுதான்.