நடுவுல பொன்னாடை கிடையாது

யக்ஞநாராயணன்: ...அதெல்லாம் சரிம்மா. நாளைக்கு நம்ம காலனி விழாவுக்கு ஏழு மணிக்கு சீஃப் கெஸ்ட் வருவார். உங்க டான்ஸை நிறுத்தறோம், பொன்னாடை போடறோம், போட்டோ எடுக்கறோம். அப்புறம் விட்ட இடத்துலேருந்து ஆடுங்கோ.

சுந்தரவல்லி: நிறுத்த மாட்டேன் சார்.

யக்ஞநாராயணன்: காலனி செக்ரட்டரி நான். போன வருஷம் தசரதன் பொண்ணு ஆடறச்சே நிறுத்தலையா?

சுந்தரவல்லி: நிறுத்தினீங்க. ஒத்தக் கால்ல நின்னுட்டிருந்தா அந்தக் குழந்தை. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் காலைக் கீழ வைக்கறதா வேண்டாமான்னு தெரியாம... எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அசார்: மைக் செட்டு நான்தானேக்கா. திருப்பிப் போட்டா பாட்டு வேற எங்கியோ போய் நின்னுகிச்சு.

யக்ஞநாராயணன்: நீ ஒயரைப் பாருப்பா.

அசார்: பாத்துகினுதான் கீறேன் சார்.

சுந்தரவல்லி: நூறு வருஷம் முன்னாடி ரஷ்யாவுலயும் இதே கூத்துதான். கைதட்டினா போதும், கதையை அம்போன்னு விட்டுட்டு வந்து கும்பிடு போடுவாங்க. ஃபோகின்னு ஒருத்தர், பாலே அமைக்கிறவர்... கதை நடுவுல கும்பிடு கூடாதுன்னுட்டார்.

யக்ஞநாராயணன்: பாலேன்னா... கட்டைவிரல் நுனியில நிப்பாளே, அதுவா?

சுந்தரவல்லி: அதுதான். அந்த நுனிக்காலும் கதைக்கு வேணும்னாத்தான்னார். எந்த ஊர்க் கதையோ, அந்த ஊர் உடுப்புன்னார்.

யக்ஞநாராயணன்: ஓஹோ... அதுக்குத்தான் உங்க தண்ணி லாரி டான்ஸுல எல்லாரும் நைட்டி மேல துண்டா? எங்காத்து மாமியும் ஆடறதுக்கு ஒண்ணு மடிச்சு ரெடியா வெச்சிருக்கா.

சுந்தரவல்லி: மேடவாக்கத்துல லாரி வந்தா பட்டுப்புடவையிலயா சார் குடத்தைத் தூக்கிட்டு ஓடறோம்?

யக்ஞநாராயணன்: உங்க ரஷ்யாக்காரரை மட்டும் மேலிடம் சும்மா விட்டுதாக்கும்?

சுந்தரவல்லி: விடல. வெறுங்கால்ல ஆடக் கூடாதுன்னாங்க. காலுறை மேலயே விரல் வரைஞ்சு ஆட வெச்சார். அப்புறம் பாரிஸ், அமெரிக்கான்னு போனார்... பிடிவாதமும் கூடவே போச்சு. அவரைப் பார்த்து உலகத்துல எத்தனையோ பேர் மாறினாங்க. தாம்பரம் பக்கத்துல நான் ஒருத்தி.

யக்ஞநாராயணன்: நான் ஐட்டத்தையே தூக்கிட்டா?

சுந்தரவல்லி: தூக்குங்க. லாரி நிக்கற தெருவுலயே ஆடறோம். பயமாத்தான் இருக்கு சார், பொய் சொல்லல... ஆனா ஆடுவோம். நீங்க நிறுத்தச் சொல்றது, டான்ஸுல எல்லாரும் குடத்தோட ஓடி வர்ற கட்டம். அங்க நிறுத்தினா அந்த ஓட்டம் திரும்பக் கிடைக்காது.

யக்ஞநாராயணன்: என்னம்மா நீங்க... சீஃப் கெஸ்ட் பக்கீர் முகமது சார் லேசுப்பட்டவரா? மார்க்கெட்ல அவ்வளவு பெரிய ஜவுளிக்கடை. இந்த ஹாலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். வந்ததும் கவனிக்கலைன்னா...

அசார்: சார், அவரு...

சுந்தரவல்லி: அசார், நீ சும்மா இரு. சொல்லுங்க சார். கவனிக்கலைன்னா?

யக்ஞநாராயணன்: கோச்சுப்பார். அவரே சொன்னார்மா. டான்ஸை நிறுத்திட்டு முதல்ல பொன்னாடைன்னு.

சுந்தரவல்லி: அவரேவா?

யக்ஞநாராயணன்: அவரேதான்... போன்ல.

அசார்: எனக்கு சிரிப்பு வருதுக்கா. நான் வெளிய போய் ஒயரைப் பாக்குறேன்.

யக்ஞநாராயணன்: என்ன, ரெண்டு பேரும் கண்ணாலயே பேசிக்கறேள்?

சுந்தரவல்லி: அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் சார்... நீங்களா கட்டிவிடறீங்க. கொஞ்ச நாளா மத்தியானம் கடையைப் பையன்கிட்ட விட்டுட்டு ஒத்திகைக்கு வந்துட்டிருக்கார். நாளைக்கு ஏழு மணிக்குக் காக்கிச் சட்டையோட மேடையில இருப்பார். எங்க லாரி டிரைவரே அவர்தான்... நடுவுல யாராவது பொன்னாடையோட ஏறினா, ஹாரன் அடிச்சு இறக்கிடுவேன்னு சொல்லியிருக்கார்.