வடமேற்குக் காற்றுக்கான பரண்

டர்னிப் கிழங்குச் செடியின் இலையை உறைபனி விழும்வரை மான் முகர்ந்துகூடப் பார்க்காது, ஐயா. பனி விழுந்தால் இலையில் இனிப்பு ஏறும், மறுநாளே வரும். எதை விதைப்பது, பரணை எங்கே கட்டுவது என்று தெரிந்தவன், எந்தக் காலையில் யார் வருவார்கள் என்பதையும் சொல்லிவிடலாம்.

விஸ்கான்சினில் எனக்கு நாற்பது ஏக்கர் காடு, மரத்தோடு வார் போட்டுக் கட்டிய ஏழு வேட்டைப் பரண். கொம்பன் என்று நான் பெயர் வைத்த மானை மூன்று வருடம் சுடாமல் வளரவிட்டேன். தங்கை லோரீனின் கணவன் வெர்லின், அதைத் தொடமாட்டேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னவன். போன நவம்பரில் எனக்கு முழங்கால் அறுவை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, என் பரணில் உட்கார்ந்து கொம்பனைச் சுட்டான்.

வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், மதுக்கடையில் அவன் பிரசங்கம்.

"காத்தைப் படிக்கத் தெரியணும்பா. அது ஒரு வரம்."

"பரண் யார் கட்டினது மாப்ள?"

"நீங்கதான் மச்சான். அதுக்காக ஆணி அடிச்ச ஆளையெல்லாம் போட்டோல நிக்கவைக்க முடியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மரம் பருக்க வேண்டும் என்று வசந்தத்தில் பரண் வார்களைத் தளர்த்துவோம், இலையுதிர்காலத்தில் இறுக்குவோம். இந்த வருடம் ஆறு பரண்களை இறுக்கினேன். ஏழாவது, ஓடைப் பக்கம், வடமேற்குக் காற்றுக்கானது; அந்தக் காற்றில் அங்கே ஆள் வாடை மானுக்கு எட்டாது. கீழிருந்து பார்த்தால் இறுக்கமாகத் தெரியும். அதன் முன்னால் டர்னிப் விதைத்தேன். "புதுசா ஒருத்தன் வர்றான் மாப்ள, கொம்பனைவிடப் பெரிசு" என்று அவனிடம் சொல்லியும் வைத்தேன்.

வேட்டை தொடங்க இரண்டு நாள் இருந்தது. முதல் உறைபனி, வடமேற்குக் காற்று. தங்கை வீட்டில் காபி குடிக்கப் போனேன். அவன் வண்டி இல்லை. துப்பாக்கி மட்டும் சுவரில் தொங்கியது.

"எங்கே அவன்?"

"உங்ககிட்ட சொல்லிடாதேன்னார்ணா. போன வருஷம் பண்ணது அவரை அரிச்சுட்டே இருக்கு. அந்த முட்டியோட நீங்க மரம் ஏறக்கூடாதாம், ஏழு பரணுக்கும் புது வார் மாட்டப் போயிருக்கார். காத்து தோதா இருக்காம், ஓடைப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கிறாராம். இப்பத்தான் கிளம்பினார்."

அங்கே போக இருபது நிமிடம். நான் இன்னொரு கோப்பை காபி கேட்டேன். சர்க்கரை வேண்டாம் என்றும் சொன்னேன்.

நம்பவைத்துக் கழுத்தறுத்தவன் அவன், ஐயா, அதை எழுதிக்கொள்ளுங்கள். போன் செய்திருக்கலாமே என்கிறீர்கள். அந்த ஓடைப் பள்ளத்தில் போன் எடுக்காது.

எடுக்காது என்றுதான் நினைக்கிறேன். அடித்துப் பார்க்கவில்லை.