படுக்காத மோட்டார்

கடைக்காரன் பேச்சைக் கேட்டு மோட்டார் வாங்குகிறவனை நான் மதிப்பதே இல்லை, ஐயா. முதலில் பாரம், பிறகு வேகம், அப்புறம்தான் விலை. எங்கள் சோப்புத் தொழிற்சாலையின் கன்வேயருக்குப் பழைய மோட்டாரைப் போட்டதும் நான்தான், ஆனால் முதலாளி சொன்ன விலைக்குள். அது நோஞ்சான். வேகத்தைக் குறைத்தால் மூச்சு வாங்கும். ஒரு அட்டைப்பெட்டி குறுக்கே சிக்கினால் போதும், அப்படியே நின்றுவிடும்.

நின்ற ஒவ்வொரு முறையும் பாக்கிங் பெண்கள் சிரித்தார்கள். அங்கே மேற்பார்வை என் அண்ணிதான். "கொழுந்தனாரு மோட்டார் படுத்துருச்சு, எல்லாரும் உக்காருங்கடி" என்பார், முதலாளி காதில் விழும்படியாக. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதே கதை. அண்ணனும் சேர்ந்துகொள்வான். நானும் சிரித்து வைப்பேன்.

புதியது வாங்க அனுமதி கிடைத்ததும் நிதானமாகக் கணக்குப் போட்டேன். தேவையைப்போல் மூன்று மடங்கு இழுவை. கியர்பாக்ஸும் அதற்கேற்றது, பெல்ட் எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும் பிடி தளராது.

அண்ணி விவரமானவர். தனியாக வந்து கேட்டார்.

"பழசு நின்னதாலதான் தம்பி, போன வருஷம் ஒருத்தி கை தப்பிச்சுது. ஏதாவது சிக்குனா இதுவும் நின்னுடும்ல?"

நிற்க வைக்க வழி இருந்தது. வேகத்தை மாற்றும் பெட்டியில் இழுவைக்கு வரம்பு கட்டும் எண்ணைக் குறைத்தால் போதும்.

"அதெல்லாம் வெச்சுட்டேன் அண்ணி" என்றேன்.

வைக்கவில்லை. வைத்தால் மறுபடியும் நிற்கும், மறுபடியும் சிரிப்பார்கள். நீங்களே சொல்லுங்கள், மானமுள்ளவன் எவ்வளவுதான் பொறுப்பான்?

என் வார்த்தையை நம்பித்தான் அண்ணி ஓடுகிற பெல்ட்டில் கைவிட்டார். உருளையில் ஒட்டியிருந்த சோப்புக் காகிதத்தை எடுக்க நினைத்தாராம். முதலில் வேலைச் சட்டையின் கை போயிற்று. பிறகு விரல்கள், முழங்கை. யாரோ ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் தோள்வரை இழுத்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வேகம் காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி பிழைத்துக்கொண்டார், ஒற்றைக் கையோடு. அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவ்வளவு சிக்கியும் பெல்ட்டின் வேகம் இம்மியும் குறையவில்லை, ஐயா. அதை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.